பொம்மை ரயிலுக்கு அழுக்கு பூசிய மனிதர்: யார் இந்த ஜான் ஆலன்?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருக்கும் மினியேச்சர் வுண்டர்லேண்ட் வீடியோவை ரீல்ஸில் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். விரல் நீள மனிதர்கள், குட்டி விமான நிலையம், மலையைச் சுற்றி வளைந்து போகும் ரயில்கள். 2001-ல் திறக்கப்பட்ட அந்த இடம்தான் இன்று உலகின் மிகப் பெரிய மாடல் ரயில்வே.

அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் கொஞ்சம் நிறுத்தி, ஜூம் செய்து பாருங்கள். கூட்ஸ் பெட்டியின் ஓரத்தில் துரு இருக்கும். இன்ஜின் புகைபோக்கியைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். சுவரில் மழைநீர் வழிந்த கறைகூட இருக்கும். அதெல்லாம் தானாகச் சேர்ந்த அழுக்கு கிடையாது. யாரோ மணிக்கணக்கில் உட்கார்ந்து, தூரிகை பிடித்து வரைந்தது. இந்த வேலைக்கு ‘வெதரிங்’ என்று பெயர். யூடியூபில் இதற்கென்றே தனி சேனல்கள் இருக்கின்றன.

இதை ஒரு கலையாகவே மாற்றிக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் ஆலன். மாடல் ரயில் பிரியர்கள் மத்தியில் இவர் பெயர் தெரியாதவர்கள் அநேகமாக இல்லை. அந்த வட்டத்துக்கு வெளியே கேட்டால் ‘யாரு?’ என்பார்கள்.

பொம்மைக்கும் மாடலுக்கும் என்ன வித்தியாசம்?

சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும் ரயில் பொம்மை 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-ல் தண்டவாளத்துக்கு நிலையான அளவுகளைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் லயனல் ரயில் பெட்டிகள் கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஓடின. அவை குழந்தைகளுக்கானவை. பளபளப்பாக இருக்கும், பெரிதாக இருக்கும், அளவு பற்றிய கவலை இருக்காது.

மாடல் ரயில் வேறு. இங்கே எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். இன்று அதிகம் பேர் பயன்படுத்துவது ‘ஹெச்ஓ’ அளவு, அதாவது 87-ல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் இதில் சுமார் 2 சென்டிமீட்டர். நாற்பது அடி நீள கூட்ஸ் பெட்டி 14 சென்டிமீட்டர். தண்டவாளத்தின் இரண்டு இரும்புக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர் இடைவெளி.

பெட்டியும் இன்ஜினும் மட்டும் போதாது. அவை ஓடுவதற்கு ஊர், ஆறு, பாலம், சுரங்கப்பாதை, ஸ்டேஷன் எல்லாம் வேண்டும். இப்படி மொத்தமாகக் கட்டுவதைத்தான் ‘லேஅவுட்’ என்கிறார்கள். ஒரு நல்ல லேஅவுட் கட்டத் தச்சு வேலை தெரிய வேண்டும், வயரிங் தெரிய வேண்டும், கொஞ்சம் ஓவியமும் வர வேண்டும். ரயில்வே எப்படி இயங்குகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். இத்தனையும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம். ஆலனிடம் அமைந்தது.

பலவீனமான இதயம், 33 வயதில் ஒரு முடிவு

ஜான் ஆலன் 1913 ஜூலை 2-ம் தேதி மிசோரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. சாதாரணத் தொண்டை வலியில் தொடங்கி, போகிற போக்கில் இதய வால்வுகளைக் கெடுத்துவிட்டுப் போகிற நோய் அது. இன்று பென்சிலின் கொடுத்துத் தடுத்துவிடலாம். ஆனால் பென்சிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்ததே 1928-ல்தான். பொதுமக்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்க 1945 ஆகிவிட்டது. ஆலனின் இதயத்துக்கு அது ரொம்ப லேட். பலவீனமான இதயத்தோடுதான் அவர் கடைசி வரை வாழ்ந்தார்.

தொழிலில் அவர் புகைப்படக் கலைஞர். லாஸ் ஏஞ்சலஸில் கூட்டாக ஸ்டுடியோ நடத்தினார். 1946-ல் தன் பங்கை விற்றுவிட்டு, பணத்தை முதலீடு செய்துவிட்டு, கலிஃபோர்னியா கடற்கரையில் இருக்கும் மான்டரேவுக்குக் குடிபோனார். முதலீட்டில் வரும் வருமானத்தில் எளிமையாக வாழ்ந்தால் போதும் என்பது கணக்கு. சீக்கிரம் ரிட்டயர் ஆவது பற்றி இன்று ஐடி நண்பர்கள் எக்ஸெல் ஷீட் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். அப்போது அவருக்கு வயது 33.

மான்டரே அந்தக் காலத்தில் மத்தி மீன் டப்பா தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். ஜான் ஸ்டைன்பெக்கின் ‘கேனரி ரோ’ நாவல் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆலன் அங்கே போனது மீனுக்காகவோ இலக்கியத்துக்காகவோ இல்லை. ரயில் கட்டுவதற்காக.

பெயரிலேயே ஒரு குசும்பு

அவர் கட்டிய கற்பனை ரயில்வேயின் பெயர் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ஏதோ இரண்டு பிரெஞ்சு ஊர்களின் பெயர் மாதிரி கம்பீரமாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் விஷயம் புரியும்: ‘ரத்தக்களறியாகித் தோற்றுப்போனது’ என்று அர்த்தம். ஒரு ரயில்வே கம்பெனிக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா?

ஸ்டேஷன் பெயர்களும் அதே ரகம். ‘அக்கின்பாக்’ என்று ஒரு ஊர். சொல்லிப் பார்த்தால் முதுகு வலி. குனிந்தே லேஅவுட் கட்டுகிறவருக்கு வேறென்ன தோன்றும்? ‘ஹெலன்கான்’ என்று இன்னொன்று, எங்கோ கண்காணாத தொலைவு என்று பொருள் வரும். ‘கோல்ட் ஷோல்டர்’ என்றால் முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுக்குவது.

முதல் லேஅவுட் ரொம்பச் சின்னது. ஒரு மேஜை மேல் அடங்கிவிடும். அதை வைத்தே பத்திரிகைகளில் பெயர் வாங்கினார். பிறகு பெரிதாக்கினார். 1950-களின் தொடக்கத்தில், நிலத்தடி அறை நன்றாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு வீட்டை வாங்கி, அங்கே மூன்றாவது முறையாகத் தொடங்கினார். பழைய குட்டி லேஅவுட்டை அவர் தூக்கிப் போடவில்லை. புதியதின் ஒரு மூலையில் அப்படியே பொருத்திக்கொண்டார். அடுத்த சுமார் 20 வருடங்கள் வேலை இந்த லேஅவுட்டில்தான். தனியாக வாழ்ந்தவர். வீட்டின் கீழ்ப்பகுதி முழுக்க மலைகளாலும் தண்டவாளங்களாலும் நிரம்பிக்கொண்டே போனது.

அழுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

அன்றைய மாடல் ரயில்காரர்கள் இன்ஜினைப் பார்த்துப் பார்த்துச் செய்து, வார்னிஷ் அடித்துப் பளபளவென்று வைப்பார்கள். கண்ணாடி அலமாரியில் வைக்கிற நகை மாதிரி. உழைப்பு தெரிய வேண்டுமே!

ஆலன் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார். நிஜத்தில் நிலக்கரி இன்ஜின் எப்படி இருக்கும்? கரி, எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு வழிந்த வெள்ளைக் கோடுகள். மரப்பெட்டி வெயிலில் வெளுத்திருக்கும். கூரைத் தகடு துருப்பிடித்திருக்கும். பழைய கட்டடம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தான் செய்தவற்றின் மேல் இதையெல்லாம் கவனமாக ஏற்றினார். எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்கும் எழுதிக் கற்றுக்கொடுத்தார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிறியதாக்கும்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குகின்றன. வயது மட்டும் எங்கோ காணாமல் போய்விடுகிறது. எல்லாமே நேற்று பிறந்தது போல இருப்பதால்தான் அது பொம்மை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. ஆலன் பூசிய அழுக்கு, காணாமல் போன அந்த வயதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரு பெட்டியில் துருவைப் பார்த்ததும், இது பத்து இருபது வருடமாக மழையில் நின்றிருக்கிறது என்று மூளை தானாகவே ஒரு கதையை எழுதிக்கொள்கிறது.

அவருடைய காலமும் அப்படி ஒரு காலம். 1950-களில் அமெரிக்க ரயில்வே நீராவி இன்ஜின்களை வேகவேகமாக ஓரங்கட்டி டீசலுக்கு மாறியது. வெளியே அவை பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்க, ஆலன் வீட்டின் கீழே அவை ஓடிக்கொண்டே இருந்தன. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து மான்டரேவுக்கு வந்துகொண்டிருந்த ‘டெல் மான்டே’ பயணிகள் ரயில் 1971-ல் நிறுத்தப்பட்டது. ஊருக்கு வந்த நிஜ ரயில் நின்ற பிறகும் ஆலனின் ரயில்கள் ஓடின.

தரையிலிருந்து கூரை வரை மலை

மாடல் ரயில் என்றால் மேஜை உயரத்தில் ஒரு பலகை, அதன் மேல் பச்சைத் தூள் தூவிய புல்வெளி என்பதுதான் அப்போதைய வழக்கம். ஆலனின் லேஅவுட்டில் பிளாஸ்டர் மலைகள் தரையில் தொடங்கிக் கூரை வரை எழுந்தன. பார்க்க வருகிறவர் லேஅவுட்டைச் சுற்றி நடக்கவில்லை, அதற்குள்ளே ஒரு பள்ளத்தாக்கில் நடந்தார். தலைக்கு மேலே மரப் பாலத்தில் ஒரு ரயில் போகும்.

இடம் எவ்வளவு இருந்தாலும் போதாது என்பதுதான் இந்த ஹாபியின் பெரிய தலைவலி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹெச்ஓ அளவில் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டுமானால் பதினொன்றரை மீட்டர் நீளம் வேண்டும். பக்கத்து ஊருக்குப் போவதற்குள் வீடு முடிந்துவிடும். அதனால் கண்ணை ஏமாற்றத்தான் வேண்டும். பின்னால் இருக்கும் கட்டடங்களை வேண்டுமென்றே இன்னும் சிறிய அளவில் செய்து, தூரத்தில் இருப்பது போலக் காட்டினார் ஆலன். சரியான கோணத்தில் கண்ணாடிகளை ஒளித்துவைத்து, ஒரு தெருவை இரண்டு மடங்கு நீளமாக்கினார். மேடை நாடகக்காரர்களுக்கும் சினிமா செட் போடுகிறவர்களுக்கும் இதெல்லாம் பழகிய வித்தைகள்தான். ரயில் லேஅவுட்டில் இவ்வளவு துணிச்சலாக யாரும் செய்ததில்லை.

கேமரா தெரிந்தவர் என்பதால் என்ன லாபம்?

போனில் ‘மினியேச்சர்’ ஃபில்டர் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நிஜத் தெருவின் மேலும் கீழும் மங்கலாக்கினால், பேருந்துகள்கூட பொம்மை போல ஆகிவிடும். காரணம் எளிது. சின்னப் பொருளை நெருங்கிப் படம் எடுத்தால் ஒரு பகுதி மட்டுமே ஃபோகஸில் இருக்கும், மீதி மங்கிவிடும். நம் மூளைக்கு அது பழகிப்போயிருக்கிறது. மங்கல் தெரிந்தால் ‘சின்னது’ என்று முடிவு கட்டிவிடும்.

ஆலன் இந்தத் தந்திரத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். லென்ஸில் ஒளி நுழையும் துளையை ஊசித்துளை அளவுக்குக் குறுக்கிவிட்டால், அருகில் இருக்கும் செடியும் பின்னால் இருக்கும் மலையும் ஒரே மாதிரி துல்லியமாக விழும். ஒளி குறைவாக நுழைவதால் நீண்ட நேரம் திறந்துவைக்க வேண்டும். பரவாயில்லை, பிளாஸ்டர் மலை எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

‘மாடல் ரெயில்ரோடர்’ போன்ற பத்திரிகைகளில் அவர் படங்கள் தொடர்ந்து வந்தன. வார்னி என்ற மாடல் நிறுவனத்தின் விளம்பரங்களுக்கும் அவர் லேஅவுட்தான் களம். இன்ஜினை விற்க எடுத்த படம்தான், ஆனால் வாசகர் கண் போனது அதன் பின்னால் இருந்த மலைக்கு. மான்டரே பக்கமே போகாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த ஊர்களின் தெருக்கள் அத்துப்படி ஆனது இந்தப் படங்களால்தான்.

இந்தப் புகழில் ஒரு சின்ன அநியாயமும் இருக்கிறது. படங்களை மட்டும் பார்த்தவர்கள் ஆலனை ஒரு காட்சிக் கலைஞர் என்றே நினைத்துக்கொண்டார்கள். அவருக்கு அது பாதி வேலைதான்.

ரயிலை ஓட்டுவது என்றால் வட்டமடிப்பது இல்லை

ஒரு குறிப்பிட்ட மாலையில் நண்பர்கள் கூடுவார்கள். ஆளுக்கொரு பொறுப்பு. ஒருவர் இன்ஜின் டிரைவர், ஒருவர் யார்டைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் எந்த ரயில் எங்கே காத்திருக்க வேண்டும் என்று உத்தரவு கொடுப்பார். நிஜ ரயில்வேயில் கன்ட்ரோலர் செய்கிற அதே வேலை. கால அட்டவணை உண்டு. மரம் அறுக்கும் ஆலைக்குக் காலிப் பெட்டி போக வேண்டும், சுரங்கத்திலிருந்து நிரம்பிய பெட்டி வர வேண்டும், நடுவில் பயணிகள் ரயிலுக்கு வழிவிட வேண்டும். ஒற்றைத் தண்டவாளம். ஒருவர் தாமதித்தால் மலை முழுக்க டிராஃபிக் ஜாம்.

கடிகாரமும் சாதாரணக் கடிகாரம் கிடையாது, வேகமாக ஓடக்கூடியது. காரணம் அதே பழைய பிரச்சினைதான். ஊர்களுக்கு நடுவே தூரம் மிகக் குறைவு. நிஜ நேரத்தை வைத்தால் ஒரு ரயில் ஒரு நிமிடத்தில் அடுத்த ஸ்டேஷனுக்கு வந்துவிடும். அதனால் நிஜத்தில் 5 நிமிடம் ஓடினால் இங்கே ஒரு மணி நேரம் என்பது போல வேகம் கூட்டிய கடிகாரங்களை மாடல் ரயில்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு மாலைக்குள் அவர்களின் ஒரு முழு நாள் முடிந்துவிடும்.

ஆலன் கண்டுபிடித்த ‘டைம்சேவர்’ என்ற ஷன்ட்டிங் புதிரும் இந்தப் பித்தில் பிறந்ததுதான். ஒரு சின்னப் பலகை, 5 பாயின்ட்டுகள், சில கிளைப் பாதைகள், ஒரு இன்ஜின், சில பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியையும் அதற்குரிய இடத்தில் விட வேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவர் ஜெயித்தார். பார்க்க ஐந்து நிமிட வேலை போலத் தெரியும். கையில் எடுத்தால், ஒரு பெட்டியை நகர்த்த இன்னும் இரண்டை நகர்த்த வேண்டியிருக்கும், அந்த இரண்டுக்கும் இடம் இருக்காது. புரோகிராமர்களுக்கு இந்த வலி பழகியதுதான். எம்ஐடியின் மாடல் ரயில் கிளப்பிலிருந்துதான் முதல் தலைமுறை ஹேக்கர்கள் பலர் வந்தார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை. மேஜை மேலே மலையும் ஊரும், மேஜைக்கு அடியில் வயரும் லாஜிக்கும். டைம்சேவர் இன்றும் கண்காட்சிகளில் விளையாடப்படுகிறது, மென்பொருளாகவும் கிடைக்கிறது.

இவ்வளவு சீரியஸாக ஓடிய ரயில்வேயில், ஷன்ட்டிங் வேலைக்கு எம்மா என்று ஒரு ஊழியர் உண்டு. எண் 13. எம்மா ஒரு ஸ்டெகோசரஸ். ஆமாம், டைனோசர்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு யார்டில் நிற்கும். சுற்றிலும் துரு முதல் ஸ்லீப்பர் கட்டை வரை எல்லாம் அச்சு அசல், நடுவில் இப்படி ஒன்று. யாராவது ‘இது நிஜம் மாதிரி இல்லையே’ என்று குறை சொன்னால் காட்டுவதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

1973 ஜனவரி

1973 ஜனவரி 6-ம் தேதி மாரடைப்பால் ஆலன் இறந்தார். வயது 59. சிறுவயதிலிருந்து சுமந்துவந்த இதயம் அதற்கு மேல் தாங்கவில்லை.

லேஅவுட்டை என்ன செய்வது என்று நண்பர்கள் நிதானமாக யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. சரியாகப் பத்து நாள் கழித்து அந்த வீட்டில் விபத்தாகத் தீப்பிடித்தது. மரச் சட்டங்கள், அட்டைக் கட்டடங்கள், பெயின்ட், வயர் என்று எல்லாமே எளிதில் பற்றக்கூடியவை. லேஅவுட்டின் பெரும்பகுதி எரிந்துபோனது. மூலையில் பொருத்தியிருந்த அந்த முதல் குட்டி லேஅவுட்டும் அதோடு போனது.

படங்கள் இருக்கின்றனவே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அது முழு ஆறுதல் இல்லை. மலைகளுக்கு நடுவே நின்று, தலைக்கு மேலே ரயில் போகும் சத்தத்தைக் கேட்டு, வேகக் கடிகாரத்தைப் பார்த்துப் பதற்றப்பட்ட அந்த மாலைகள் எந்தப் படத்திலும் இல்லை. ஆலன் தன் வேலையின் மறுபாதி என்று நினைத்தது அதைத்தான். ஆனாலும் அவர் போட்டோகிராஃபராக இல்லாமல் வெறும் தச்சராக இருந்திருந்தால் இன்று இந்தப் பெயரே மிஞ்சியிருக்காது என்பதும் உண்மை.

‘மாடல் ரெயில்ரோடர்’ பத்திரிகைக்குப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட், ஓய்வுக்குப் பிறகு ஆலனின் படங்களையும் நண்பர்களின் நினைவுகளையும் திரட்டி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். எரிந்துபோன ஊர்களுக்கு வரைபடம், எந்தப் பாதை எங்கே போனது என்ற விவரம், எந்தப் பாறை எப்படிச் செய்யப்பட்டது என்ற குறிப்பு. 1980-ல் வெஸ்ட்காட்டும் இறந்துபோனார். புத்தகம் அடுத்த வருடம் வெளிவந்தது. அதை விரித்துவைத்துக்கொண்டு, இல்லாத அந்த ரயில்வேயின் ஏதாவது ஒரு மூலையை, ஒரு பாலத்தையோ ஒரு இன்ஜின் கொட்டகையையோ, திரும்பக் கட்டிப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துருவோடு சேர்த்து.